உனக்கு ஏவறை வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை

மாரி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நவம்பர் காலை. தரம் 6 பிள்ளைகள் தலை குனிந்து மௌன வாசிப்பில் இருந்தார்கள். முன் வாங்கில் இருந்த பெடியன் நிமிர்ந்து, "டீச்சர், வகுப்புக்குள்ள தவளை நிக்குது" என்றான். மற்றப் பிள்ளைகள் வாங்குக்குக் கீழே குனிந்து தேடத் தொடங்கினார்கள். தவளை எங்கும் இல்லை. அந்தச் சத்தம் என் தொண்டைக்குழியிலிருந்து வந்தது. நான் யன்னலோரம் போய் நின்று மழைச் சத்தத்துக்குள் அதை மறைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு 31 வயது. அதுவரை ஒருமுறைகூட நான் ஏவறை விட்டதில்லை. சில ஊர்களில் ஏப்பம் என்பார்கள், எங்கள் வீட்டில் ஏவறை. அது எனக்கு வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை ஒரு குறையாக ஒருவரும் நினைக்கவில்லை. "பிள்ளை சபையில ஏவறை விடாது, நல்ல பழக்கம்" என்று அம்மம்மா பெருமையாகச் சொல்லுவா. அம்மாவுக்கு மட்டும் இன்னொன்று நினைவிருந்தது. பால் குடுத்துத் தோளில் போட்டுத் தட்டினால் மற்றக் குழந்தைகள் ஏவறை விட்டுவிட்டு உறங்கிவிடும். நான் முறுகி முறுகி அழுவேனாம். தட்டித் தட்டி அவவின் கை ஓய்ந்துபோகுமாம்.

ஒரு நாள் எனக்கு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். இதே தொந்தரவு உள்ள யாராவது வாசித்தால் தன்னை இதில் அடையாளம் காண வேண்டும் என்பதற்காக இதை விரிவாகவே எழுதுகிறேன். காலையில் எழும்பும்போது வயிறு தட்டையாக இருக்கும். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் நெஞ்சுக்கு நடுவே ஒரு அழுத்தம் வரும். பிறகு கழுத்தடியில் கொறகொற என்று சத்தம். பாடசாலை விடும் நேரம் மேல்வயிறு கல்லாகியிருக்கும். பின்னேரம் சேலைக் கொசுவத்தைத் தளர்த்தாமல் மூச்சு எடுக்க ஏலாது. இரவில் வாயு முழுக்கக் கீழ்வழியாகப் போகும். அதுவும் சொல்ல முடியாத அளவுக்கு. புது வீட்டில், புதுக் கணவனோடு, ஒரே அறைக்குள் அதை எப்படிச் சமாளித்தேன் என்பதை எழுதக் கூசுகிறது. ஆனால் இந்த நோயின் ஒரு பகுதி அது என்பதால் எழுதத்தான் வேண்டும்.

வயிற்றைவிட என்னை வருத்தியது வயிற்றைப் பார்த்தவர்களின் கேள்வி. எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போனால், தெரிந்த அக்காமார் என் வயிற்றைப் பார்த்து முகம் மலர்ந்து, "என்ன பிள்ளை, விசேஷமோ?" என்று கேட்பார்கள். அவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள். "இல்லை அக்கா, வாய்வு" என்று சொல்லிவிட்டு வீதியைச் சுற்றாமலே வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. பிறகு கோயிலுக்குக் காலையில் மட்டும் போகத் தொடங்கினேன்.

ஊர் சொன்ன கைமருந்து எல்லாம் செய்து பார்த்தேன். ஓமத்தண்ணி, பெருங்காயம் கரைத்த மோர், சுட்ட உள்ளி, இஞ்சிச்சாறு. "சோடா ஒண்டைக் குடி பிள்ளை, ஏவறை ஒண்டு போனாச் சரி" என்று மாமி தேசிக்காய் பிழிந்து உப்புப் போட்டுத் தந்தா. என் வாழ்க்கையில் நான் பட்ட மோசமான வேதனைகளில் அது ஒன்று. உப்புவெளியில் ஒரு கல்யாணவீட்டில் மரியாதைக்காக ஒரு கிளாஸ் இஞ்சி பியர் குடித்துவிட்டு, மண்டபத்துப் பின்வாசல் படியில் இரண்டு மணித்தியாலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சோடாவில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வயிற்றுக்குள் வாயுவாகப் பிரிகிறது. மற்றவர்களுக்கு அது ஏவறையாக வெளியேறும், கூடவே பழைய காற்றையும் கொண்டுபோகும். எனக்கு வெளியேறும் வாசலே பூட்டிக் கிடந்தது. ஒரு மருந்து ஒருவரை ஆற்றி இன்னொருவரை வாட்டினால், அந்த வேறுபாட்டுக்குள்தான் நோயின் பெயர் இருக்கிறது. அதை அப்போது நானும் யோசிக்கவில்லை, மற்றவர்களும் யோசிக்கவில்லை.

டொக்டர்மாரிடமும் போனேன். ஒமேப்ரசோல் மாதக்கணக்கில் குடித்தேன். அது அமிலத்தைக் குறைக்கும் மருந்து. என் சிக்கல் காற்று. சிமெத்திகோன் தந்தார்கள். அது சிறுசிறு குமிழிகளைச் சேர்த்துப் பெரிய குமிழியாக்கி வெளியேறுவதை இலகுவாக்கும், ஆனால் வெளியேற வழி இருக்க வேண்டும். எண்டோஸ்கோப்பி செய்தார்கள், எல்லாம் சரி என்று வந்தது. ஸ்கான் அறிக்கையில் 'வாயு அதிகமாக இருப்பதால் பின்னுள்ள உறுப்புகள் தெளிவாகத் தெரியவில்லை' என்று ஒரு வரி இருந்தது. நோயை எழுதி வைத்த வரி அது. எல்லோரும் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனார்கள். குடல் உணர்திறன் கூடிப்போச்சு, மனஅழுத்தம், யோசிக்காதீங்கோ என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாய்வு என்று நான் சொன்னேன், வாய்வுக்கு மருந்து தந்தார்கள். ஏவறை வராது என்று நானும் ஒருநாளும் சொன்னதில்லை. அது ஒரு நோய்க்குறி என்று எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வது?

கனடாவில் இருக்கும் தம்பிதான் கண்டுபிடித்தான். அவனோடு வேலை செய்யும் ஒருத்திக்கு இதே தொந்தரவாம். ஒருநாள் தொலைபேசியில், "அக்கா, நீ ஏவறை விட்டதை நான் கண்டதே இல்லை. உனக்கு வருமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அப்படி நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை. "இல்லையடா" என்றேன். "கழுத்துக்குள்ள தவளை மாதிரிச் சத்தம் வருமா?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதன் பெயர் நீளமானது. ரெட்ரோகிரேட் கிரிக்கோஃபாரிஞ்சியஸ் டிஸ்ஃபங்ஷன், சுருக்கமாக ஆர்-சிபிடி. தொண்டையும் உணவுக்குழாயும் சந்திக்கும் இடத்தில், குரல்வளைக்குப் பின்னால், ஒரு வளையத் தசை இருக்கிறது. அது எப்போதும் இறுகி மூடியிருக்கும். விழுங்கும்போது ஒரு கணம் திறந்து உணவை உள்ளே விடும். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. வயிற்றில் காற்றுச் சேர்ந்தால் உணவுக்குழாயின் அடிவாசல் சற்றுத் தளர்ந்து காற்றை மேலே விடும். உணவுக்குழாய் சட்டென்று காற்றால் உப்பும்போது, அது திரவமல்ல, காற்றுத்தான் என்று உடல் உணர்ந்து மேல்வாசலையும் தளர்த்தும். அதுதான் ஏவறை. எங்களைப் போன்றவர்களுக்கு உள்ளே போகும் வழிக்கு அந்தத் தசை ஒழுங்காகத் திறக்கும், வெளியே வரும் வழிக்குத் திறக்காது. காற்று மேலே ஏறிக் கதவில் முட்டித் திரும்பும். தவளைச் சத்தம் அதுதான். ஒவ்வொரு மிடறோடும் நாம் கொஞ்சம் காற்றையும் விழுங்குகிறோம். அது நாள் முழுக்கச் சேர்ந்து, கடைசியில் குடல் வழியே முழு நீளமும் பயணம் செய்துதான் வெளியேற வேண்டும். பின்னேரம் வயிறு ஊதுவதும் இரவில் நான் பட்ட அவதியும் ஒரே நூலில் கோத்தவை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஏவறை விட முடியாமல் நெஞ்சுவலியால் அவதிப்பட்ட ஒருவரைப் பற்றி 1987இலேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதற்கு ஒரு பெயர் வைத்து, அறிகுறிகளை ஒன்றாகக் கட்டி, சிகிச்சையையும் காட்டியவர் சிக்காகோவுக்கு அருகில் வேலை செய்யும் தொண்டை மருத்துவர் ராபர்ட் பாஸ்டியன். 2019இல் அவரும் மெலிஸா ஸ்மித்ஸன் என்பவரும் 51 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஏவறை வராமை, கழுத்திலும் நெஞ்சிலும் கொறகொறப்பு, வயிறு ஊதலும் நெஞ்சழுத்தமும், அளவுக்கு மிஞ்சிய கீழ்வாயு ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால் இதுவாக இருக்கலாம் என்பதுதான் அதன் சாரம். பலருக்கு வாந்தியும் எளிதில் வராது, வாந்தி என்றாலே பயம். எனக்கும் அப்படித்தான். கந்தளாய், ஹபரணை வழியே கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் வயிறு பிரட்டும்போது கைகால் நடுங்கும்.

சிகிச்சை என்னவென்று தெரிந்தபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. பொட்டுலினம் நஞ்சு. "முகச் சுருக்கத்துக்கு நடிகைமார் போடுற ஊசியோ?" என்று மாமி கேட்டா. அதே மருந்துதான். நரம்பு முனையிலிருந்து தசைக்குப் போகும் 'சுருங்கு' என்ற கட்டளையை அது சில மாதங்களுக்குத் தடுத்துவிடும். அந்த வளையத் தசைக்குள் அளவாகப் போட்டால் தசை தளரும். தளர்ந்திருக்கும் காலத்துக்குள் ஏவறை விடும் வித்தையை உடல் பழகிக்கொள்ளும். வியப்பு என்னவென்றால், மருந்தின் வேகம் ஏறத்தாழ 3 மாதத்தில் இறங்கிய பிறகும் பெரும்பாலானோருக்கு அந்தப் பழக்கம் போவதில்லை. 200 பேரைப் பின்தொடர்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வில், ஒரே ஊசியோடு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு 6 மாதம் கடந்தும் ஏவறை நிலைத்திருந்தது. நிலைக்காதவர்களுக்கு மீண்டும் போடலாம். அதுவும் சரிவராவிட்டால் தசையில் ஒரு பகுதியை வெட்டித் தளர்த்தும் சத்திரசிகிச்சையும் இருக்கிறது.

கொழும்பில் ஒரு காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போனேன். போவதற்கு முதல் ஒரு கிழமை நான் செய்த வேலைதான் இதில் பயனுள்ள வேலை என்று நினைக்கிறேன். ஒரு சி.ஆர். கொப்பியில் தினமும் எழுதினேன். சாப்பிட்ட நேரம், அழுத்தம் தொடங்கிய நேரம், காலையிலும் பின்னேரமும் வயிற்றுச் சுற்றளவு. தையல் நாடாவால் அளந்தேன். கழுத்துச் சத்தத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்தேன். தம்பி அனுப்பிய ஆய்வுக் கட்டுரையையும் அச்செடுத்துக்கொண்டேன். உள்ளே போய் இருந்ததும் "வாய்வு" என்ற சொல்லை எடுக்கவே இல்லை. "டொக்டர், எனக்குப் பிறந்ததிலிருந்து ஏவறை வராது" என்றுதான் தொடங்கினேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பதிவைக் கேட்டார். கட்டுரையை முழுவதும் வாசிக்க ஒரு கிழமை கேட்டார். இதற்காக இந்த ஊசியை அவர் அதுவரை போட்டதில்லை, ஆனால் தொண்டைத் தசைகளுக்கு வேறு காரணங்களுக்காகப் போட்டிருக்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, வாசித்துவிட்டு வருகிறேன் என்ற அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்த நோயைப் பெரும்பாலும் நோயாளி சொல்லும் கதையை வைத்தே தீர்மானிக்கிறார்கள். மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டு, சோடா குடிக்கவைத்து உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனையும் உண்டு. எனக்கு அது செய்யப்படவில்லை. முதலே எடுத்த எண்டோஸ்கோப்பி அறிக்கை கையில் இருந்தது உதவியது. ஊசியே சிகிச்சையும் பரிசோதனையும் ஆகும், போட்டபின் ஏவறை வந்தால் இதுதான் நோய் என்று உறுதி, என்று அவர் விளக்கினார். தசைநரம்பு நோய் ஏதும் உண்டா, வேறு மருந்து எடுக்கிறேனா என்று விசாரித்தார். பிறகு, "கர்ப்பமா இருக்க வாய்ப்பிருக்கா? இருந்தா இந்த மருந்து போட ஏலாது" என்றார். அந்தக் கேள்வியை வருஷக்கணக்காக எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். என் வயிற்றைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பரிசோதனை செய்து இல்லை என்று உறுதியான பிறகே நாள் குறித்தார்.

முழு மயக்கம் கொடுத்து, வாய் வழியே குழாய்க் கருவி விட்டு ஊசி போட்டார்கள். உணர்வோடு இருக்கும்போதே கழுத்துத் தோல் வழியாகப் போடும் முறையும் உண்டு. எனக்கு முதலாவதுதான். 50 முதல் 100 யூனிட் வரை போடுவது வழக்கம். செலவில் பெரும்பங்கு மருந்துப் போத்தலுக்கும் சத்திரசிகிச்சை அறைக்கும் போனது. அன்று பின்னேரமே வீட்டுக்கு விட்டார்கள். தொண்டை நோவைத் தவிர வேறொன்றும் இல்லை, ஏவறையும் இல்லை. வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் இரண்டு இரவு தங்கிவிட்டு இரவு ரயிலில் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தோம். வழி முழுக்க, காசு கரைந்ததுதான் மிச்சமோ என்று பயந்துகொண்டு வந்தேன்.

நாலாம் நாள் காலை. குசினியில் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் அந்தப் பழைய முட்டல் எழும்பியது. திரும்பி இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. சின்னதாக ஒரு 'க்' என்று வாய் வழியே வந்தது, இஞ்சி வாசத்தோடு.

"ஆர் பிள்ளை அது?" என்று மாமி விறாந்தையிலிருந்து கேட்டா.

"நான்தான் மாமி."

அவ தடியை ஊன்றிக்கொண்டு வந்து என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தா. அடுத்தது வந்தபோது இரண்டு பேரும் அழுதோம். 32 வயதுப் பெண்ணின் ஏவறைக்கு ஒரு வீடே கற்பூரம் கொளுத்தியது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அன்று பின்னேரம் என் சேலைக் கொசுவம் காலையில் சொருகிய இடத்திலேயே இருந்தது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு கிழமை இலேசானதல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. தசை தளரும்போது விழுங்குவதும் மந்தமாகும். பாண் ஒரு துண்டு கழுத்தடியில் நின்றுவிடும், தண்ணி குடித்துத்தான் இறக்க வேண்டும். புட்டு அறவே ஏலாது. அதன் உதிரி தொண்டையில் ஒட்டிக்கொண்டு பயமுறுத்தியது. இலைக்கஞ்சி, நன்றாகக் குழைத்த சோறும் பருப்பும், அவித்த பூசணி, இவைதான் கைகொடுத்தன. ஒரு வாய் சாப்பாடு, ஒரு மிடறு தண்ணி. சாப்பிடும்போது கதைக்கக் கூடாது, தனியாக இருந்து சாப்பிடவும் கூடாது. குனிந்தால் சாப்பாடு மேலே எதிர்க்களித்தது. கட்டில் தலைப்பக்கத்துக் காலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தி, கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணித்தியாலம் விட்டேன். குரல் கொஞ்சம் பலவீனப்பட்டது. டீச்சருக்குக் குரல் இல்லாவிட்டால் வேலை இல்லை, அதனால் இரண்டு கிழமை லீவு எடுத்தது சரியான முடிவு. மூச்சுவிடச் சிரமமோ, எச்சில்கூட விழுங்க முடியாமையோ வந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று டொக்டர் எழுதித் தந்திருந்தார். எனக்கு அந்த நிலை வரவில்லை. மூன்றாம் கிழமையிலிருந்து புட்டு மெல்லத் திரும்பி வந்தது.

பயிற்சியை மட்டும் விடாதீங்கோ. மருந்து வேலை செய்யும் மாதங்கள்தான் உடல் பழகும் காலம். முன்பு விஷம்போலப் பயந்த சோடாவை நானே வாங்கினேன். காலையில் நிமிர்ந்து இருந்து இரண்டு மிடறு குடித்து, கழுத்தடியில் முட்டல் வந்ததும் நாடியைக் கொஞ்சம் உயர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, வாயை இலேசாகத் திறந்து காத்திருப்பேன். முக்கித் தள்ளினால் வராது, விட்டுக்கொடுத்தால் வரும். அது கொட்டாவி விடுவதுபோல ஒரு தளர்வு. எழுத்தில் இதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் மாதம் தேவையில்லாத நேரமெல்லாம் வந்தது, மூன்றாம் மாதம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. இப்போது ஒன்றரை வருஷம். ஊசி ஒன்றோடு சரி.

சிகிச்சைக்கு வசதியில்லாமல் காத்திருக்கிறவர்களுக்கு, நான் முன்பு செய்து பலன் கண்ட சில உண்டு. சோடாவை முற்றாக நிறுத்தியதுதான் பெரிய உதவி. ஸ்ட்ரோவால் குடிப்பதையும் சூயிங்கத்தையும் விட்டேன், இரண்டாலும் காற்று கூடுதலாக உள்ளே போகும். ஒரு பெரிய சாப்பாட்டை இரண்டாக்கினேன். பின்னேரம் டச்பே கடற்கரையில் அரை மணித்தியாலம் நடந்தால் கொஞ்சம் இறங்கும். இடப்பக்கம் சரிந்து படுத்தால் நெஞ்சழுத்தம் குறையும், காற்று குடலுக்குள் போவதால் பிறகு வேறு கரைச்சல் வரும், ஆனாலும் நெஞ்சு நோவுக்கு அது மேல். விரலை விட்டு ஓங்காளிக்கவைத்துக் காற்றை எடுக்கும் வேலையை நானும் செய்திருக்கிறேன். தொண்டையைப் புண்ணாக்கியதுதான் மிச்சம்.

எங்கள் கதையைக் கேட்ட பிறகு சொந்தக்காரர் பலர் இதே ஊசியைப் பற்றி விசாரிக்கிறார்கள். போன மாதம் மூதூரிலிருந்து ஒரு பெரியப்பா வந்தார். 58 வயது. ஆறு மாதமாக ஏவறை சரியாகப் போகுதில்லையாம், நெஞ்சு அடைக்குதாம். எனக்கு இது சின்ன வயதிலிருந்தே இருந்தது, அவருக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. கேட்டுக்கொண்டு போனால், சோறு இறங்குதில்லை, உடம்பும் நல்லா மெலிந்து போச்சு என்கிறார். சேர்ட் தோளில் தொங்கியது.

"பெரியப்பா, இது என்ர வருத்தம் இல்லை" என்றேன். "இந்த ஊசிக் கதையை விடுங்கோ. சாப்பாடு சிக்குறது, மெலியுறது, கறுப்பா மலம் போறது, இதில ஒண்டு இருந்தாலும் உடனே எண்டோஸ்கோப்பி எடுக்கோணும். நாளைக்குக் காலமை நானும் வாறன், கிளினிக்குக்குப் போவம்."

அடுத்த நாள் பாடசாலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அவரோடு போனேன். அவருடைய கதையையும் கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டுதான்.